இழையின் இயல்பறிந்த கை

பாரிஸ் மாநகரத்தின் ஆடைக் கலைஞர்களுள் பெயர் பெற்றவர் பலர் இருந்தும், துணியை வெட்டும் முறையையே மாற்றியவர் யார் என்று தொழில் தெரிந்தவர்களைக் கேட்டால், அவர்கள் முதலிற் சொல்லும் பெயர் மாதலேன் வியோனே என்பதாகவே இருக்கும். 1876இல் எளிய குடும்பமொன்றிற் பிறந்து, சிறுமியாக இருக்கும்போதே தையற்கூடத்திற் புகுந்த இந்த அம்மையார், இளவயதில் மணம் புரிந்து, பெற்ற பெண்மகவைப் பறிகொடுத்து, கணவரைப் பிரிந்து லண்டனிற் சில ஆண்டுகள் ஊழியம் செய்து, பாரிஸுக்குத் திரும்பிக் கலோ சகோதரிகளின் பிரசித்தி பெற்ற ஆடையகத்தில் அமர்ந்தார். 1907இல் ழாக் துசேயின் ஸ்தாபனத்திற்கு மாறி, அக்காலத்துப் பெண்களின் இடையை இறுக்கிக் கட்டிய கார்செட்டை அறவே நீக்கி அவர் ஆடைகளைக் காட்டியபோது, அங்கிருந்த விற்பனைப் பெண்டிரே முகஞ்சுளித்தனர். 1912இல் ரிவோலி வீதியில் சொந்த ஆடையகம் தொடங்கினார். முதல் உலகப் போரினால் மூட நேர்ந்த அது, போர் முடிந்தபின் மீண்டும் திறக்கப்பட்டு, 1923இல் மோந்தேஞ் சாலையின் விசாலமான மாளிகைக்குக் குடியேறிற்று.

அவருடைய வித்தையின் சூட்சுமத்தை அறிய ஒரு கைக்குட்டை போதும். பாவு ஓடும் திசையிலோ ஊடு ஓடும் திசையிலோ பிடித்திழுத்தால் அது இம்மியும் நெகிழாது. மூலைக்கு மூலை பிடித்திழுத்தாலோ நீண்டு கொடுத்து, விட்டவுடன் சுருங்கும். அந்த மூலைத் திசையிலேயே துணியை வெட்டுவதாகிய, நம் தையற்காரர்கள் ‘கிராஸ்’ என்று வழங்கும் சாய்வு வெட்டு, அதுவரை கழுத்துப் பட்டிக்கும் ஓரப் பட்டிக்குமே பெரிதும் பயன்பட்டு வந்தது. வியோனே அம்மையாரோ ஆடை முழுவதையும் சாய்வில் அமைத்து, எலும்புச் சட்டமும் உள்திணிப்பும் இன்றி, துணி தன் பாரத்தாலேயே உடலைத் தழுவி விழும்படி செய்தார். இதற்கென வழக்கத்தினும் மிக அகலமான கிரேப் பட்டைப் பிரத்தியேகமாக நெய்வித்துக்கொண்டார். காகிதத்தில் சித்திரம் தீட்டித் தொடங்கும் வழக்கம் அவருக்கில்லை. சிறியதொரு மரப்பாவையின் மேல் துணியைச் சுற்றியும் மடித்தும் ஊசி குத்தியுமே ஒவ்வொரு வடிவத்தையும் கண்டறிந்தார். 1920ஐ ஒட்டி அவர் செய்த ஓர் ஆடை, நான்கு சதுரப் பட்டுத் துண்டுகளை முனை கீழாகத் தொங்கவிட்டு இணைத்ததே. அதன் ஓரம் தானாகவே கூர்முனைகளாக வீழ்ந்து நின்றது.

பொருளின் சுபாவத்தை மதித்த அதே மனம் உழைப்பாளரையும் மதித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்த அவருடைய ஆடையகத்தில், முதுகு சாய்க்க இடமில்லாத முக்காலிகளுக்குப் பதிலாகச் சாய்மான நாற்காலிகள் இடப்பட்டன. வைத்தியரும் பல் வைத்தியரும் குழந்தைக் காப்பகமும் அங்கேயே இருந்தன. சம்பளத்துடன் கூடிய விடுமுறையைப் பிரெஞ்சுச் சட்டம் 1936இல் கட்டாயமாக்குவதற்கு முன்பே அவ்வூழியர்கள் அதனை அனுபவித்தனர்.

தம் ஆடைகளைப் பிறர் திருடிப் பிரதி செய்வதை அவர் சற்றும் பொறுத்தாரில்லை. ஒவ்வோர் ஆடையையும் முன்னும் பின்னும் பக்கமுமாகப் படமெடுத்துத் தொகுதிகளிற் சேர்த்ததோடு, ஆடையினுள்ளே தைத்த சீட்டில் கையொப்பமிட்டுக் கட்டைவிரல் ரேகையையும் பதித்தார். இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939ஆம் ஆண்டில் ஆடையகம் மூடப்பட்டது. அதன்பின் நெடுங்காலம் வாழ்ந்து, 1975இல் 98ஆம் வயதில் அவர் காலமானார். ஜப்பானியரான இஸ்ஸே மியாகே முதலிய பிற்காலக் கலைஞர்கள் அவரைத் தம் முன்னோடியாகப் போற்றினர்.

கண்ணாற் பார்த்த மாத்திரத்தில் ரகசியம் பிடிபடாத அவ்வாடைகளைக் கற்க இயன்றதற்கும் அவரே காரணம். 1952இல் தம்மிடமிருந்த ஆடைகளையும், மாதிரித் துணி வடிவங்களையும், அப்படத் தொகுதிகளையும் பிரான்ஸின் உடைக்கலைச் சங்கத்திற்கு அவர் நன்கொடையாக அளித்தார். கள்ளப் பிரதிகளை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர், அவற்றைத் தடுப்பதற்கென்று சேர்த்த சாட்சியங்களையே மாணவருக்குப் பாடநூலாக்கிச் சென்றார். கைவிரல் ரேகை அவருடைய உரிமையாகவே நிற்க, கைத்திறன் கற்பவர் அனைவருக்கும் பொதுவாயிற்று.