நெல் விலையும் மஞ்சள் பெட்டியும்

உலகச் செய்தி வேறு, ஊர்ச் செய்தி வேறு என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். நியூயார்க் நகரத்துப் பங்குச் சந்தைக்கும், தஞ்சை ஜில்லாவில் ஒரு கிராமத்தார் இடும் வோட்டுச் சீட்டுக்கும் யாது தொடர்பு என்று அவர்கள் வினவுவர். 1929 முதல் 1937 வரை சென்னை மாகாணத்தில் நிகழ்ந்தவற்றை நோக்கின் அத்தொடர்பு நன்கு விளங்கும்.

1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. கடன் கொடுப்போர் கை மூடினர், வாங்குவோர் குறைந்தனர், விளைபொருள்களின் விலை உலகெங்கும் வீழ்ந்தது. பர்மா, சயாம், சைகோன் ஆகிய இடங்களில் தேங்கிய அரிசி குறைந்த விலைக்குக் கப்பலேறி நம் துறைமுகங்களை அடைந்தது. சில ஆண்டுகளுக்குள் நம் நாட்டு நெல்லின் விலை முன்னிருந்ததில் ஏறக்குறையப் பாதியாயிற்று.

நெல் மலிந்தால் நன்மையன்றோ எனின், வாங்கி உண்பார்க்கு நன்மையே. விற்று வரி கொடுப்பார்க்கு அன்று. ரயத்துவாரி முறையில் கிஸ்தி பணமாகக் குறிக்கப்பட்டது. நெல் விலை இறங்கியதென்று அது தானாக இறங்குவதில்லை. பத்துக் கலம் விற்றுக் கிஸ்தி கட்டியவர், விலை பாதியானதும் இருபது கலம் விற்க வேண்டும். கடனும் அவ்வாறே. நூறு ரூபாய்ப் பத்திரம் நூறு ரூபாய்ப் பத்திரமாகவே இருக்க, அதனைத் தீர்க்கும் நெல் மட்டும் இருமடங்காயிற்று. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணயத் திட்டத்தைக் கைவிட்டது; அதனால் தங்கத்தின் விலை ரூபாய்க் கணக்கில் ஏறியது. நம் பெண்டிர் கழுத்தணிகள் சவுக்கார் கடை வழியே பம்பாய்க்கும், அங்கிருந்து லண்டனுக்கும் சென்றன. அதனை நாட்டின் தங்க ஏற்றுமதி என்று கணக்கெழுதினர். வீட்டாருக்கு அஃது எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, வோட்டுரிமை யாரிடம் இருந்தது என்பதை நோக்குவோம். 1935-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் சுமார் மூன்று கோடி மக்களுக்கு வோட்டளித்தது. அவருள் பெரும்பாலார் வரி கொடுப்போர், அல்லது எழுதப் படிக்க அறிந்தோர். எனவே விலை வீழ்ச்சி எவரை மிக வருத்தியதோ, அவரே வோட்டர் ஜாபிதாவில் மிகுதியாக இருந்தனர். இந்தப் பொருத்தத்தை நீதிக் கட்சித் தலைவர்கள் போதிய அளவு உணர்ந்ததாகத் தோன்றவில்லை. அவர்களுட் பலர் ஜமீன்தார்கள். நெல் விலை பாதியான காலத்தும் அம்மந்திரிகள் மாதம் 4,333 ரூபாய்க்கு மேல் சம்பளம் பெற்று வந்தனர்.

1934-இல் நடந்த மத்திய சட்டசபைத் தேர்தலிலேயே காற்றின் திசை தெரிந்தது. 1932-இல் ஒட்டாவா மாநாட்டில் இந்தியாவின் சார்பில் அமர்ந்த ஆர். கே. சண்முகஞ் செட்டியார் அத்தேர்தலில் தோற்றார். கனடாவில் எழுதிய வியாபார உடன்படிக்கை சென்னை வியாபாரிகளின் வோட்டுக்கு வந்து நின்றது. 1937 பிப்ரவரியில் மாகாணச் சட்டசபைத் தேர்தல் நிகழ்ந்தது. எழுத்தறியாதார் பொருட்டுப் பெட்டிகளுக்கு வர்ணம் பூசியிருந்தனர்; காங்கிரஸுக்கு மஞ்சள் பெட்டி. 215 இடங்களில் 159 காங்கிரஸுக்குக் கிடைத்தன. பொப்பிலி ராஜா தம் சொந்த ஊர்த் தொகுதியிலேயே வி. வி. கிரியிடம் தோற்றார். உப்புச் சத்தியாக்கிரகத்தின் நினைவும், நீதிக் கட்சியின் உட்பூசலும் இவ்வெற்றிக்குத் துணையாயின என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் வரியையும் கடனையும் குறைப்போம் என்ற சொல், கிஸ்திக்கு நகை விற்றவர் செவியில் வேறு விதமாகவே ஒலித்திருக்கும்.

இராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை இயற்றியது. 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நிலுவையாயிருந்த வட்டி தள்ளுபடியாயிற்று. நியூயார்க்கில் எழுந்த அலை இங்ஙனம் சென்னைச் சட்டப் புத்தகத்தில் ஒரு தேதியாகப் பதிந்தது. கடன் கொடுத்தோர் யாவரும் செல்வர் அல்லர்; வேறு சொத்தில்லாத பெண்டிர்க்கு வரவேண்டிய சிறு கடன்களுக்குச் சட்டத்திலேயே விலக்குச் செய்திருந்தமை இதனைக் காட்டும்.

அதே விலை வீழ்ச்சி கடலுக்கப்பால் வேறொரு கணக்கை வளர்த்தது. கீழ்ப் பர்மாவின் தலையாய நெல் ஜில்லாக்கள் பதின்மூன்றில், 1930-இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த செட்டியார் நிலம், 1938-இல் 25 பங்காயிற்று. கடனைத் திருப்ப இயலாத பர்மியக் குடியானவரிடமிருந்து வந்த நிலம் அது. செட்டியார் விரும்பியது பணத்தையே. கிடைத்ததோ நிலமும் பகையும். 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவினின்று பிரிக்கப்பட்ட பின்னர், அந்நாட்டு அரசியலில் இந்நிலக் கேள்வி நீங்காது நின்றது.

மீண்டும் தஞ்சைக்கு வருவோம். நெல் அறுத்த பண்ணையாட்களிற் பெரும்பாலாருக்கு மஞ்சள் பெட்டியும் இல்லை, வேறு பெட்டியும் இல்லை. அவர்கள் வரி கொடுப்போர் அல்லர். வயது வந்தோர் அனைவர்க்கும் வோட்டு என்ற விதிப்படி முதற் பொதுத் தேர்தல் சென்னை மாகாணத்தில் 1952-இல் நிகழ்ந்தது. தஞ்சை ஜில்லாக் குத்தகைதாரரையும் பண்ணையாட்களையும் காக்கும் அவசரச் சட்டம் அதே ஆண்டு பிறந்தது.