கல்லில் ஒரு சொல்: ‘இன்ஸ்கிரைப்’ என்னும் ஆங்கில வினை

ஆங்கிலப் பாடத்தில் ‘இன்ஸ்கிரைப்’ என்ற வினைச்சொல் வந்தால் ‘பொறித்தல்’ என்று பொருள் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரே பொருள் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. மாணவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

லத்தீனில் ‘ஸ்கிரீபெரே’ என்றால் எழுதுதல். ‘இன்’ என்ற முன்னொட்டு உள்ளே அல்லது மேலே என்பதைக் குறிக்கும். ஒரு பரப்பின்மேல் நிலைத்து நிற்குமாறு எழுதுதலே இதன் அடிப்படைப் பொருள்.

இதற்குத் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே நல்ல சான்று உண்டு. தண்டராம்பட்டு வட்டத்து எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் உள்ளது. வீரன் கருந்தேவக்கத்தியுடன் அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதை அக்கல்லின் வட்டெழுத்து வரிகள் சொல்கின்றன. உருவத்தைச் செதுக்கியதற்கு ‘கார்வ்’ என்ற வினை பொருந்தும். பெயரையும் செய்தியையும் எழுத்தாக வெட்டியதற்கு ‘இன்ஸ்கிரைப்’ பொருந்தும். உருவம் மட்டும் இருந்திருந்தால் அது ஏதோ ஒரு நாய். எழுத்து இருப்பதால்தான் இன்றும் அதைப் பெயர் சொல்லி அழைக்கிறோம்.

இனி மற்றப் பொருள்களைப் பார்ப்போம்.

1. நூலைப் பரிசளிப்பவர் முதல் பக்கத்தில் பெயரும் வாழ்த்தும் எழுதித் தருவதும் ‘இன்ஸ்கிரைப்’தான். இங்கே உளி இல்லை, பேனாதான். ‘எழுதிக் கொடுத்தார்’ என்பதே சரியான தமிழ்.

2. கணிதத்தில், முக்கோணத்தின் மூன்று பக்கங்களையும் உள்ளிருந்து தொடும் வட்டம் ‘இன்ஸ்கிரைப்ட் சர்க்கிள்’. நம் பாடநூலில் இது உள்வட்டம்.

3. தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ‘இன்ஸ்கிரைப்’ செய்யப்பட்டது. இதைப் ‘பட்டியலில் சேர்க்கப்பட்டது’ என்றே சொல்ல வேண்டும். ‘பொறிக்கப்பட்டது’ என்றால் பொருள் மாறிவிடும்.

4. நினைவில் ஆழப் பதிவதற்கும் இவ்வினை வரும். ‘மனத்தில் பதிந்தது’ என்பது நம் வழக்கு.

வாக்கிய அமைப்பிலும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் ‘கல்லில் பெயரைப் பொறித்தார்’ என்போம், பெயர்தான் செயப்படுபொருள். ஆங்கிலத்தில் இரண்டு அமைப்புகள் உண்டு. பெயரைச் செயப்படுபொருளாக்கினால் கல்லுக்கு முன் ‘ஆன்’ வரும். கல்லையே செயப்படுபொருளாக்கினால் பெயருக்கு முன் ‘வித்’ வரும். இரண்டாவது அமைப்பு தமிழில் இல்லாததால்தான் மாணவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். இரண்டையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிக் காட்டலாம்.

இச்சொல்லின் உறவுகளையும் சேர்த்துக் கற்பிக்கலாம். ‘டிஸ்கிரைப்’ என்றால் விவரித்தல். ‘பிரிஸ்கிரைப்’ என்பது முன்னதாக எழுதுதல். மருத்துவர் எழுதித் தரும் சீட்டு இதிலிருந்து வந்தது. ‘சப்ஸ்கிரைப்’ என்பது கீழே எழுதுதல், அதாவது கையொப்பமிடுதல். சந்தா கட்டுதல் என்ற பொருள் பின்னர் வந்தது. இவை பெயர்ச்சொல்லாகும்போது ‘ஸ்கிரைப்’ என்ற இறுதி ‘ஸ்கிரிப்ஷன்’ ஆகிவிடும். ஒன்றைக் கற்றால் நான்கும் வசப்படும்.

‘ஸ்கிரிபிள்’, அதாவது கிறுக்குதல், என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததே. கோயில் சுவரிலும் நடுகல்லிலும் தம் பெயரைக் கீறுவது எந்த வினையில் சேரும் என்று மாணவர்களிடம் கேளுங்கள். பழைய எழுத்தின்மேல் விழும் ஒரு கீறல், ஒரு பெயரையே அழித்துவிடக்கூடும் என்பதை அவர்களே சொல்லட்டும்.