முகம் காட்டாத வியாபாரி

தரம் ஏழு பிள்ளைகளுக்கு ஒருநாள் ‘த லொரக்ஸ்’ கதையைச் சொன்னேன். அமெரிக்க எழுத்தாளர் டொக்டர் சூஸ் படங்களுடன் 1971இல் வெளியிட்ட சிறுவர் நூல் அது. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ஒரு மாணவி, “சேர், ஒன்ஸ்லர்ட மொகத்த ஏன் கீறல்ல?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. ஒன்ஸ்லர்தான் கதையின் வியாபாரி. ட்ரபுலா மரங்கள் நிறைந்த ஓர் இடத்துக்கு வருகிறான். ஒரு மரத்தை வெட்டி, அதன் பட்டுப் போன்ற இழையில் ‘த்னீட்’ என்றொரு பொருளைப் பின்னுகிறான். இதை யாரும் வாங்கமாட்டார்கள் என்கிறது மரங்களுக்காகப் பேசும் லொரக்ஸ். அந்நேரமே ஒருவர் 3.98 டொலர் கொடுத்து வாங்கிச் செல்கிறார். பிறகு தொழிற்சாலை வருகிறது, ஒரே வீச்சில் நான்கு மரங்களைச் சாய்க்கும் இயந்திரம் வருகிறது. உணவின்றி விலங்குகளும், புகையால் பறவைகளும், கழிவால் மீன்களும் வெளியேறுகின்றன.

படங்களில் நாம் காண்பது ஒன்ஸ்லரின் பச்சைக் கைகளை மட்டுமே. முகம் இருந்தால், “அவன்தான் கெட்டவன்” என்று சுட்டிவிட்டு நாம் தப்பிவிடலாம். 2012இல் வந்த திரைப்படம் அவனுக்கு இளைஞனின் முகத்தைக் கொடுத்தது. காற்றை விற்கும் ஓஹெயர் என்ற வேறொரு வில்லனையும் சேர்த்தது. கதையின் கூர்மை அங்கே மழுங்கிவிட்டதாகவே நான் நினைக்கிறேன். ஏனெனில் ஒன்ஸ்லர் தீமை செய்யவென்று வந்தவன் அல்ல. வியாபாரம் வளர வேண்டும் என்ற ஒரே நியாயத்தை ஒவ்வொரு படியிலும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டவன். வாங்குவதற்கு ஆட்களும் இருந்தார்கள்.

1989இல் கலிபோர்னியாவின் லேய்டன்வில் என்ற ஊரில், இந்நூலைப் பாடசாலையின் கட்டாய வாசிப்பிலிருந்து நீக்குமாறு சிலர் கோரினர். மரத்தொழிலை நம்பிய ஊர் அது. வயிற்றுப்பாடு பற்றிய அவர்களது அச்சத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் கதையில் தொழிற்சாலையை மூடியது லொரக்ஸ் அல்ல. கடைசி மரம் விழுந்த அன்றே வேலையும் முடிந்தது. வேலைக்கு வந்த உறவினர்களும் வண்டியேறிவிட்டார்கள்.

தனித்துப்போன ஒன்ஸ்லர், எஞ்சிய ஒரே விதையை இறுதியில் ஒரு சிறுவனிடம் கொடுக்கிறான். அதற்கு முன், கதையைச் சொல்லவே அவனிடம் பதினைந்து சதமும் ஓர் ஆணியும் ஒரு நத்தை ஓடும் கட்டணமாக வாங்கிக்கொள்கிறான்! எல்லாம் அழிந்த பின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அந்த மாணவியிடம், “முகத்த நீங்களே கீறிக் கொண்டு வாங்க” என்றேன். மறுநாள் அவள் கொண்டுவந்த தாளில் முகம் இருக்கவில்லை. ஒரு கண்ணாடியைக் கீறியிருந்தாள்.