கழற்றி வைத்த பிரதி

கல்முனையிலும் மருதமுனையிலும் கைத்தறி நிறுவனத்தின் கணக்கு, மருந்தகத்தின் இருப்புப் பட்டியல், பள்ளிவாசலின் சந்தா விபரம் எல்லாம் இன்று கணினிக்குள் வந்துவிட்டன. அது பழுதானால் என்ன செய்வது என்று கேட்டால், ஒரு சேர்வரை வாங்கிப் பக்கத்தில் வையுங்கள் என்பார்கள். அது பாதி வேலைதான். முதல் கணினிக்கு வரும் ஆபத்து எட்டாத இடத்தில் இருக்கும் பிரதியே காப்புப் பிரதி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது இந்த ஊர்கள் இருக்கும் அம்பாறை மாவட்டம். வீடுகளோடு காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் கடலோடு போயின. கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய இந்த ஊர்களில் அடுத்த தெருவைக்கூட வேறு இடமென்று கணக்கில் எடுக்க முடியாது. ஒரு பிரதி அம்பாறை நகரிலோ கண்டியிலோ இருக்கட்டும்.

தூரம் மட்டும் போதுமா? 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியது. பாதிக்கப்பட்டவை ஏறத்தாழ 5,000 முகவரிகள். அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. சேவை விரைவில் மீண்டது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. இணைப்பில் இருந்த காப்புப் பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டுவிட்டன, கழற்றி வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இல்லை. நம் சின்னக் கடையை யார் தாக்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். 2017இல் வன்னாக்ரை என்ற ரான்சம்வேர் சுமார் 150 நாடுகளில் பரவியபோது ஆள் பார்த்துப் பரவவில்லை. ஓட்டை இருந்த கணினியெல்லாம் அதற்கு ஒன்றுதான். கூகுள் டிரைவ் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். கணினியில் கெட்ட கோப்பு அங்கேயும் கெட்டதாகவே ஏறும். பழைய வடிவம் குறிப்பிட்ட நாள்வரைதான் கிடைக்கும்.

செலவைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு போதும்: ஒன்று சேர்வரில், மற்றது வெளியூரில். வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பூட்டும் முன் மாற்றிக்கொள்ளலாம். சேர்வருக்கும் ஊழியர் கணினிகளுக்கும் 192.168.1.10 போல மாறாத முகவரிகள் கொடுங்கள். ரூட்டர் அவற்றை மாற்றிவிட்டால் பிரதியெடுப்பு சத்தமில்லாமல் நின்றுபோகும், மாதக்கணக்கில் ஒருவருக்கும் தெரியாது. ஊழியர் கணினிகளுக்குக் காப்புக் கோப்புறையில் எழுதும் உரிமை வேண்டாம். சேர்வரே வந்து கோப்புகளை எடுத்துக்கொள்ளட்டும். தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டொப் வாசலை இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். 2022இல் 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட நாட்டில், சேர்வரை ஒழுங்காக அணைக்கும் யூ.பி.எஸ். கட்டாயம். இவ்வளவும் செய்தபின் இந்த வாரமே ஒரு பழைய பில்லைப் பிரதியிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால் உங்களிடம் காப்புப் பிரதி இல்லை.