குளியலறையில் கேஸ் கீசர்

வெந்நீர் போட விறகு அடுப்பை ஊதிய காலம் மாறி வருகிறது. புனே, அகமதாபாத், பெங்களூரு, டில்லி போன்ற நகரங்களில் பல வீடுகளில் கேஸ் கீசர் இருக்கிறது. குழாயைத் திறந்தால் போதும். கீசர் தானாகவே பற்றிக்கொள்ளும். அரை நிமிடத்தில் சூடான தண்ணீர் வரும். கரன்ட் போனாலும் கவலை இல்லை. பேட்டரியில் பொறி பறக்கும்.

வசதியான சாமான்தான். ஆனால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் செய்தித்தாளில் ஒரு செய்தி வருகிறது. குளிக்கப் போனவர் வெளியே வரவில்லை. கதவை உடைத்துப் பார்த்தார்கள். உள்ளே இறந்து கிடந்தார். உடம்பில் காயம் இல்லை. தீக்காயம் இல்லை. கேஸ் நாற்றமும் இல்லை.

பிறகு எப்படி இறந்தார்?

கேஸ் எரிய நெருப்பு மட்டும் போதாது. காற்றும் வேண்டும். காற்றில் உள்ள பிராண வாயுவை எடுத்துக்கொண்டுதான் கேஸ் எரிகிறது. நாம் மூச்சு விடுவதும் அதே பிராண வாயுவைத்தான்.

கீசர் எவ்வளவு கேஸ் எரிக்கிறது தெரியுமா? சமையல் அடுப்பில் உள்ளது போன்ற பர்னர்கள் நான்கைந்தை ஒரே நேரத்தில் எரித்தால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. சமையலறையில் நான்கு அடுப்பை எரித்துக்கொண்டு கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் மூடுவோமா? மாட்டோம். ஆனால் குளியலறையில் அதைத்தான் செய்கிறோம். அதுவும் சமையலறையைவிடச் சின்ன அறையில். குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரில் அட்டையும் வைத்து அடைக்கிறோம்.

சிறிது நேரத்தில் அறையில் பிராண வாயு குறைகிறது. காற்று போதாமல் கேஸ் அரைகுறையாக எரிகிறது. அப்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டாகிறது. இதற்கு நிறம் கிடையாது. வாசனை கிடையாது. கண் எரியாது. இருமல் வராது. அதனால் இது வந்திருப்பதே நமக்குத் தெரியாது.

சிலிண்டர் கேஸ் கசிந்தால் நாற்றம் வரும். நமக்குத் தெரிய வேண்டும் என்றே அதில் நாற்ற மருந்து கலக்கிறார்கள். எரிந்த பிறகு வரும் இந்த விஷ வாயுவில் அந்த நாற்றம் இருக்காது. 'நாற்றம் இல்லை, பயம் இல்லை' என்று இருந்துவிடக் கூடாது.

நம் ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்கள்தான் பிராண வாயுவை உடம்பு முழுவதும் சுமந்து செல்கின்றன. கார்பன் மோனாக்சைடு உள்ளே போனால், பிராண வாயு உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்கிறது. பிராண வாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் பிடிப்பாக ஒட்டிக்கொள்கிறது. லேசில் இறங்காது. மூளைக்குப் பிராண வாயு போவது குறைகிறது.

முதலில் தலை வலிக்கும். பிறகு கிறுகிறுப்பு, வாந்தி வரும். கால் துவண்டுவிடும். சிலருக்கு வலிப்பும் வருவதுண்டு. ஆபத்து என்று புரியும்போது எழுந்து தாழ்ப்பாளைத் திறக்கத் தெம்பு இருக்காது. ஒருவர் குளித்தவுடன் அடுத்தவர் போனால் ஆபத்து இன்னும் அதிகம். முன்னவர் விட்டுவந்த காற்று அங்கேயே இருக்கிறதே!

குளியலறையில் வலிப்பு வந்தால் காற்று சேட்டை, பேய் பிடித்தது என்று சிலர் மந்திரிக்கப் போகிறார்கள். அங்கே கேஸ் கீசர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சரி, கீசரை எங்கே மாட்டுவது? குளியலறைக்கு வெளியேதான். பால்கனியிலோ, காற்றோட்டமான வராந்தாவிலோ மாட்டலாம். அங்கிருந்து குழாய் வழியாக வெந்நீரை மட்டும் உள்ளே கொண்டுவரலாம். குழாய்க்குக் கொஞ்சம் செலவாகும். ஆனால் இதைவிட நல்ல வழி வேறு இல்லை.

"உள்ளேயே மாட்டிடு தம்பி. வெளியே மாட்டினா பைப் செலவு ஆகுமே" என்றார் ஒரு வீட்டுக்கார அம்மா.

"உள்ளே மாட்டச் சொன்னா நான் மாட்ட மாட்டேங்க அம்மா. வேற ஆளைப் பார்த்துக்குங்க" என்றார் மெக்கானிக்.

அந்த மெக்கானிக் கெட்டிக்காரர்.

வாடகை வீட்டில் இருக்கிறீர்கள். கீசர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. வீட்டுக்காரர் மாற்றித் தரவில்லை. என்ன செய்வது? கதவையும் வென்டிலேட்டரையும் திறந்து வையுங்கள். வாளியில் வெந்நீர் பிடியுங்கள். கீசரை நிறுத்துங்கள். ரெகுலேட்டரையும் மூடுங்கள். கொஞ்ச நேரம் கழித்து, காற்று மாறிய பிறகு உள்ளே போய்க் குளியுங்கள். கீசர் எரியும்போது உள்ளே நின்று குளிக்கவே வேண்டாம். வாளித் தண்ணீரில் குளித்தாலும் அழுக்குப் போகும்!

இனி, சுத்தம் செய்வது பற்றி.

கீசரின் தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாகவோ சிவப்பாகவோ எரிந்தால், மேலே கரி படிந்தால், கேஸ் சரியாக எரியவில்லை என்று பொருள். பர்னரில் தூசி, சிலந்திக்கூடு, துரு அடைத்திருக்கலாம். உடனே நிறுத்துங்கள். மெக்கானிக்கை அழையுங்கள். பர்னரில் கேஸ் வரும் துளையை ஊக்கால் குத்தாதீர்கள். துளை பெரிதானால் கேஸ் அதிகமாக வரும். தீ இன்னும் மோசமாகும்.

வருடத்துக்கு ஒரு முறை, குளிர்காலம் தொடங்கும் முன், மெக்கானிக்கை வைத்து பர்னரைச் சுத்தம் செய்யுங்கள். உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் உள்ளே இருக்கும் செம்புக் குழாயில் காரை படியும். வெந்நீரின் சூடு குறையும், தண்ணீர் மெல்ல வரும். எலுமிச்சை உப்புக் கரைசலை ஊற்றிக் காரையைக் கரைப்பார்கள். அதுவும் மெக்கானிக் வேலைதான்.

நாமே செய்யக்கூடியதும் உண்டு. தண்ணீர் உள்ளே போகும் இடத்தில் ஒரு சின்னச் சல்லடை இருக்கும். ரெகுலேட்டரையும் தண்ணீர்க் குழாயையும் மூடிவிட்டு, கீசர் ஆறிய பிறகு அதைக் கழற்றிக் கழுவலாம். மணல் அடைத்திருந்தால் தண்ணீர் வேகம் குறையும். கீசர் பற்றாது. பலர் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று புது பேட்டரி வாங்குகிறார்கள். சல்லடையை முதலில் பாருங்கள், காசு மிச்சம்.

கேஸ் ட்யூபில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ட்யூபாக இருக்கட்டும். ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூபை 5 வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு தங்கும். கசிந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வாருங்கள். லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எந்த நேரமும் செய்யலாம்.

வீட்டில் யாராவது குளிக்கப் போய் நேரமாகிவிட்டதா? கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் காத்திருக்காதீர்கள். கதவைத் திறங்கள், முடியாவிட்டால் உடையுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் ஆளை வெளியே இழுத்து வாருங்கள். திறந்த வெளியில் படுக்க வையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். துணியைப் போர்த்துங்கள். 108 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள்.

ஆஸ்பத்திரியில், "குளியலறையில் கேஸ் கீசர் எரிந்தது" என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இது தெரியாவிட்டால் மாரடைப்பு, காக்காய் வலிப்பு என்று வேறு வைத்தியம் நடக்கலாம். தெரிந்தால் உடனே ஆக்சிஜன் வைப்பார்கள். சாதாரணக் காற்றில் ரத்தத்தில் உள்ள விஷம் பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரம் ஆகும். ஆக்சிஜன் வைத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும். ஆள் எழுந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். சிலருக்குச் சில வாரம் கழித்து மறதியும் நடையில் தடுமாற்றமும் வருவதுண்டு. அப்படி வந்தால் மறுபடி டாக்டரிடம் போங்கள். முன்பு நடந்ததையும் சொல்லுங்கள்.