படகு புறப்பட்ட பின்பு

(வாசிக்க: மாற்கு 6:30-56)

ஓகஸ்ட் 15ஆம் நாள் மடு அன்னையின் பெருவிழா. நவநாள் காலத்திலேயே பாயும் பானைசட்டியுமாகக் குடும்பத்தோடு மடுவுக்குப் புறப்படுவது நம் மக்களின் நெடுநாள் வழக்கம். எழுவைதீவு போன்ற சிறு தீவிலிருந்து செல்வோர் முதலில் படகேறி ஊர்காவற்றுறைக்கு வரவேண்டும். பின்னர் பேருந்தில் யாழ்ப்பாணம், அங்கிருந்து மடு. ஆயினும் எல்லோரும் ஒருசேரப் புறப்பட இயலாது. ஆட்டுக்குக் குழை போடவும், கோழிகளைக் கூட்டில் அடைக்கவும், முற்றத்து மரங்களுக்கு நீரூற்றவும் ஒருவர் வீட்டில் நிற்கவேண்டும். பெரும்பாலும் அந்த ஒருவர் தாயாகவோ அம்மம்மாவாகவோ இருப்பார்.

படகு கண்ணுக்கு மறைந்ததும் அவர் வீடு திரும்பிப் படலையைச் சாத்துகிறார். குசினியில் இன்று ஒருவருக்கே உலை. சோளகக் காற்றில் பனையோலை சலசலக்கிறது. எங்கோ பனம்பழம் ஒன்று தொப்பென்று விழுகிறது. வேறு ஓசை இல்லை. அந்த அமைதி அவருக்கு இனிக்கிறது. உடனே ஓர் உறுத்தலும் எழுகிறது: பிள்ளைகள் இல்லாத வீட்டில் மகிழ்வது தகுமா?

அன்பார்ந்த இறைமக்களே, இக்கேள்விக்கு நற்செய்தியே விடை பகர்கின்றது. உண்பதற்கும் நேரமின்றி உழைத்த சீடரை ஆண்டவர் இயேசு தனிமையான இடத்தில் சற்று ஓய்வெடுக்க அழைத்தார். ஆனால் மக்கள் கூட்டம் முந்திக்கொண்டது. அன்றைய பகல் போதனையிலும் பசியாற்றுவதிலும் கழிந்தது. பொழுது சாயும் வேளையில் அவரே சீடரைப் படகில் ஏற்றி அனுப்பினார். கூட்டத்தாரையும் அனுப்பிவிட்டுத் தனியே மலைமீது ஏறிச் செபித்தார். காலையில் தேடிய தனிமை அவருக்கு மாலையில்தான் வாய்த்தது. நம் இல்லத் தாய்மாரின் நிலையும் இதுவே அல்லவா? தாம் அன்பு செய்தவர்களையே அனுப்பிவிட்டுத் தனித்திருக்க ஆண்டவர் நாணவில்லை. அப்படியாயின் நாம் ஏன் நாணவேண்டும்?

அமைதி சோம்பல் அன்று என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1928ஆம் ஆண்டு அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகளார் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபையை நிறுவினார். மௌனமும் செபமும் உடலுழைப்புமே அத்துறவியரின் வாழ்வு. பேசாதிருப்பதையும் திருச்சபைக்குச் செய்யும் பணியாக அவர்கள் ஏற்றனர். இல்லத்தரசிக்குக் கிடைக்கும் நான்கு நாள் மௌனமும் அவ்வாறே இறைவனுக்கு உகந்த காணிக்கையாகலாம். ஆகவே அந்நாள்களை வானொலியாலும் தொலைக்காட்சியாலும் நிரப்பிவிடாதீர்கள். விறாந்தையில் சற்று அமருங்கள். அவசரமின்றி உண்ணுங்கள். எலியாவுக்கு ஆண்டவர் பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் அன்றி, மெல்லிய ஒலியிலேயே தம்மை வெளிப்படுத்தினார் அன்றோ!

ஆயினும் மாற்கு இன்னுமொரு செய்தியைச் சொல்கிறார். எதிர்க்காற்றில் தண்டு வலித்துச் சீடர் வருந்துவதை இயேசு கண்டார். தந்தையோடு தனித்திருந்தவரின் பார்வையிலிருந்து படகு மறையவில்லை. உண்மையான தனிமையின் அடையாளம் இதுவே. காற்று சற்றுப் பலத்தாலும் கடலில் உள்ளவர்களை நினைத்துச் செபமாலையைக் கையில் எடுக்கும் தீவகத்துத் தாய்க்கு இதை எவரும் விளக்கத் தேவையில்லை. பேரப்பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்றாட, ஆரவாரமான வீட்டில் அவருக்கு நேரம் கிடைப்பதில்லை, இப்போது கிடைக்கிறது.

இந்த அமைதி இனிப்பது, சென்றவர்கள் திரும்பி வருவார்கள் என்பதனால்தான். 1990ஆம் ஆண்டிற்குப் பின் போரினால் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பலர் திரும்பவே இல்லை. கனடாவிலும் பிரான்சிலும் பிள்ளைகள் வாழ, இங்கே தனித்திருக்கும் முதியோர் எத்தனை பேர்! அவர்களின் வீட்டில் ஆண்டு முழுவதும் இதே மௌனம்தான். அதை அவர்கள் கேட்டுப் பெறவில்லை. உங்கள் வீடு அமைதியாய் இருக்கும் ஒரு நாளிலாவது, சமைத்ததில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு அவர்களிடம் செல்லுங்கள். சிறிது நேரம் அருகில் இருந்து அவர்கள் பேசுவதைக் கேளுங்கள்.

மடுவிலிருந்து திரும்பும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. "நாங்கள் இல்லாமல் கவலையாய் இருந்ததோ, அம்மா?" என்று நீங்கள் கேட்கும்போது, "இல்லையப்பு, நிம்மதியாய் இருந்தேன்" என்று அவர் சொன்னால் மனம் வருந்தாதீர்கள். அது அன்பின் குறைவு அன்று. இத்தனை காலமும் அவருக்கு ஓய்வு கிடைக்கவில்லை என்பதன் அறிகுறி. அவர் மீண்டும் தனித்திருக்க அடுத்த திருவிழா வரை காத்திருக்கவும் வேண்டாம். வாரத்தில் ஒரு மாலையேனும் குசினி வேலையை நீங்கள் ஏற்று, அவரைச் செபிக்கவும் இளைப்பாறவும் விடுங்கள்.

செபம்: தனிமையில் தந்தையோடு உரையாடிய ஆண்டவரே, எங்கள் தாய்மாருக்கு அமைதியான வேளைகளைத் தந்தருளும். கடலிலும் தரையிலும் பயணம் செய்வோரைக் காத்தருளும். எவரும் வராத வீடுகளுக்கு எங்களையே அனுப்பியருளும். ஆமென்.