கிணற்றுத் தூர் எடுக்க மின் வின்ச்: வாங்கும் முன்பும் பொருத்தும்போதும்

உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் திறந்தவெளிக் கிணறுகளைத் தூர் வார ஏற்ற காலம் சித்திரையும் வைகாசியும்தான். நீர்மட்டம் அடியில் கிடக்கும் அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டால் மறு கோடை வரை காத்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைந்து வரும் செம்மண்ணும் மணலும் கிணற்றின் அடியில் படிந்து ஊற்றுக்கண்களை அடைத்துவிடுகின்றன. ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டோம் என்று கைவிடப்பட்ட பழைய கிணறுகளைக்கூட, குழாயில் தண்ணீர் குறைந்த பிறகு மீண்டும் எட்டிப் பார்க்கும் உழவர்கள் உண்டு.

முன்பு கவலை மாடு பூட்டிய அதே கப்பியில் கூடையைக் கட்டி ஆட்கள் இழுத்தார்கள். பின்னர் டீசல் என்ஜினில் ஓடும் கிரேன் வந்தது. வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்துவதற்கு அதுவே இன்றும் ஏற்றது. வெறும் தூர் எடுப்பதற்கு அவ்வளவு பெரிய கருவி தேவையில்லை. சிறிய மின் வின்ச் போதும். அதன் புகை கிணற்றுக்குள் இறங்கும் என்ற பயமும் இல்லை. ஆனால் கட்டட வேலைக்கென விற்கும் கருவியைப் பார்த்தவுடன் வாங்கிவிடுவது நட்டத்தில் முடியும். ஆள் உள்ளே நிற்கும் கிணறு என்றால் நட்டத்தோடும் போகாது.

முதலில் எடையைக் கணக்கிட வேண்டும். 60 லிட்டர் பிடிக்கும் இரும்பு வாளியில் ஈரச் சேறு நிரம்பினால் சுமார் 108 கிலோ இருக்கும். வாளியின் எடை 20 கிலோ சேர்த்தால் ஏறக்குறைய 130 கிலோ. ஆனால் சேற்றில் அமிழ்ந்த வாளி எளிதில் விடாது. அடியில் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்போது இழுவை இரு மடங்காகிவிடக்கூடும். கடலில் செல்லும் சிறு படகுகளில் நங்கூரம் தூக்கும் மின் வின்சுக்கும் இதே சிக்கல்தான். நங்கூரம் சேற்றில் புதைந்திருந்தால் அனுபவமுள்ள படகோட்டி வின்சைக் கொண்டு பிடுங்க மாட்டார். படகை நங்கூரத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து, என்ஜின் விசையால் அதை அசைத்துவிட்ட பிறகே வின்சை ஓட்டுவார். கிணற்றிலும் அப்படித்தான். உள்ளே இருப்பவர் வாளியை மண்வெட்டிக் காம்பால் நெம்பி அசைத்துவிட்டு ஒதுங்கிய பிறகே மேலே இழுக்க வேண்டும். இதையெல்லாம் எண்ணிப் பார்த்தால் ஒற்றை வடத்தில் 250 கிலோ தூக்கும் கருவிக்குக் குறைந்து வாங்கக் கூடாது.

இங்கே ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. கருவியின் தகட்டில் '250/500' என்று எழுதியிருக்கும். 500 என்பது கொக்கியில் ஒரு கப்பி சேர்த்து வடத்தை இரட்டையாக மடித்தால் கிடைக்கும் அளவு. அப்போது வேகமும் பாதி, தூக்கும் உயரமும் பாதி. 20 மீட்டர் வடம் இருந்தும் 10 மீட்டர், அதாவது 33 அடிக்கு மேல் இறங்காது. 50 அடிக் கிணற்றுக்கு அது எதற்கு உதவும்? வடத்தின் நீளத்தைக் கணக்கிடும்போது வாளி அடியைத் தொட்ட நிலையிலும் உருளையில் மூன்று சுற்றாவது மிஞ்சியிருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கார், ஜீப், படகு ஆகியவற்றுக்கான 12 வோல்ட் பேட்டரி வின்சுகளும் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. 'ஒரு டன், இரண்டு டன்' என்று அவற்றில் எழுதியிருப்பது கிடைமட்டமாக இழுக்கும் திறன். அதுவும் உருளையின் முதல் சுற்றில் மட்டுமே. மேலே மேலே வடம் சுற்றச் சுற்ற இழுவை குறையும். அவை செங்குத்தாகத் தூக்கித் தொங்கவிடுவதற்கு ஏற்றவை அல்ல. அவற்றைக் கிணற்றுப் பக்கமே கொண்டுவரக் கூடாது.

அடுத்தது ஓய்வு நேரம். பலர் கேட்காமல் விடும் கேள்வி இது. கட்டட வேலைக்கான சிறு வின்சுகளில் பெரும்பாலானவை பத்து நிமிடத்தில் இரண்டரை நிமிடம் மட்டும் ஓடும்படி செய்யப்பட்டவை. தகட்டில் 'எஸ் 3 - 25 சதம்' என்று குறித்திருப்பார்கள். 50 அடி ஆழத்துக்கு நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகத்தில் ஏற ஒன்றரை நிமிடம், இறங்க ஒன்றரை நிமிடம். ஆக ஒரு நடைக்கு மூன்று நிமிடம். 25 சத அளவில் 12 நிமிடத்துக்கு ஒரு நடைதான் செல்லும். எட்டு மணி நேரத்தில் 40 வாளி. இருபது அடி விட்டமுள்ள கிணற்றில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூர் படிந்திருந்தால் சுமார் 28 கன மீட்டர் சேறு, கிட்டத்தட்ட 470 வாளி. பன்னிரண்டு நாள் கூலி கொடுக்க வேண்டியிருக்கும். அவசரப்பட்டு ஓய்வின்றி ஓட்டினால் மூன்றாம் நாளே மோட்டாரின் சுருள் கருகிவிடக்கூடும். அதே வேலைக்கு 60 சத அளவுள்ள கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒரு நடை வீதம் ஐந்து நாளில் முடித்துவிடும். விலை கூடுதல்தான். ஆனால் கூலியையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு நல்ல கருவியை வாங்கிக்கொள்வது தனித்தனியே மலிவானதை வாங்குவதைவிட மேல்.

250 கிலோவை இந்த வேகத்தில் தூக்கப் பல்சக்கர இழப்பையும் சேர்த்துச் சுமார் ஒரு குதிரைத்திறன் போதும். மின்சாரம் நின்ற நொடியே தானாக இறுகிப் பிடிக்கும் மின்காந்தப் பிரேக் கட்டாயம் இருக்க வேண்டும். 'புழுப் பல்சக்கரம் தானே பிடித்துக்கொள்ளும், பிரேக் எதற்கு' என்று சொல்லும் கடைக்காரரிடம் வாங்காதிருப்பதே நலம். வாளி மேலே வந்து முட்டும் முன் மோட்டாரை நிறுத்தும் எல்லை சுவிட்சும் தேவை.

மோட்டார் வலுவில்லை என்று குறைப்படுபவர்களில் பலர் ஒயரைப் பார்ப்பதில்லை. பம்ப் அறையிலிருந்து கிணறு 100 மீட்டர் தள்ளியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு குதிரைத்திறன் ஒற்றை முனை மோட்டார் ஓடும்போது ஆறு, ஆறரை ஆம்பியர் இழுக்கும். கிளம்பும்போது 30 ஆம்பியர் வரை போகும். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் போக வர 200 மீட்டருக்கு 2.4 ஓம் தடை. கிளம்பும் நேரத்தில் 70 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துவிடும். 230 வோல்ட் 160-க்குக் கீழே வந்தால் மோட்டாரின் முறுக்கு விசை பாதியாகிவிடும். அதே தொலைவுக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு 28 வோல்ட்தான். முக்கால் பங்கு விசை கிடைத்துவிடும். வின்சை மாற்றும் முன் ஒயரை மாற்றிப் பார்க்கலாம்.

மும்முனை மோட்டாருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதில் வேறொரு ஆபத்து உண்டு. மின்கம்பத்தில் பழுது பார்த்த பின் இரண்டு முனைகள் இடம் மாறிவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். 'மேலே' என்ற பொத்தானை அழுத்தினால் வாளி உள்ளே இருப்பவர் தலையை நோக்கி இறங்கும். எல்லை சுவிட்சும் அப்போது காப்பாற்றாது. எனவே ஒவ்வொரு முறை மின்சாரம் வந்ததும் காலி வாளியை ஓரடி ஏற்றி இறக்கிச் சரிபார்க்காமல் ஆளை உள்ளே விடக் கூடாது. நில இணைப்பும் 30 மில்லி ஆம்பியர் கசிவு தடுப்பு சுவிட்சும் இன்றி ஈரக் கிணற்றில் மின் கருவி வேண்டாம். உழவர்களுக்கான இலவச மின் இணைப்பு நீர் இறைப்பதற்கென்று கொடுக்கப்பட்டது. வின்சை அதில் மாட்டும் முன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு, தேவையானால் தற்காலிக இணைப்பு பெற்றுக்கொள்ள வேண்டும்.

பொருத்துவதில் செய்யும் பெரும்பிழை, பழைய கவலைக்கால் கல்லிலோ கைப்பிடிச் சுவரிலோ வின்சைக் கட்டுவது. அந்தக் கல் மாடு இழுக்கும் பக்கத்து விசைக்கு நட்டது. முன்பக்கம் நீண்ட கையில் தொங்கும் பாரத்துக்கு நட்டதல்ல. இரும்புச் சட்டம் செய்து, அதன் கால்களை விளிம்பிலிருந்து மூன்றடியாவது தள்ளி, கனமான மரக்கட்டைகள் மீது நிறுத்த வேண்டும். செம்மண் கிணற்றின் விளிம்பு எந்த நேரமும் சரியக்கூடியது. முன் காலிலிருந்து ஐந்தடி நீட்டிய கையில், வாளி சிக்கி இழுக்கும் வேகத்தையும் எண்ணி, 200 கிலோ வைத்துக்கொண்டால், முன் காலிலிருந்து நான்கடி பின்னால் 250 கிலோ பாரம் இருந்தால்தான் சட்டம் கவிழாமல் நிற்கும். அது விளிம்புக் கணக்கு. அதனால் 500 கிலோ, அதாவது 50 கிலோ மணல் மூட்டைகள் பத்து அடுக்கிக் கட்டிவிட வேண்டும்.

6 மில்லிமீட்டர் கம்பி வடம் புதிதாக இருக்கும்போது சுமார் 2 டன்னில்தான் அறும். ஐந்தில் ஒரு பங்கு என்று கொண்டாலும் 400 கிலோவுக்குத் தாங்கும். ஆனால் கப்பி சிறியதாக இருந்தால் வடம் மடிந்து மடிந்து உள்கம்பிகள் உடையும். கப்பியின் விட்டம் 12 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. கொக்கி முனையில் திம்பிள் வைத்து, மூன்று யு கிளாம்புகளை நான்கு சென்டிமீட்டர் இடைவெளியில் இறுக்க வேண்டும். கிளாம்பின் அடிக்கட்டை பாரம் தாங்கும் நீள வடத்தின் மேலும், வளைந்த யு கம்பி குட்டை நுனியின் மேலும் படிய வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் வடமே நசுங்கும். கொக்கிக்கு நாக்கு இருக்கட்டும்.

எவ்வளவு நல்ல கருவியானாலும் வாளியில் ஆள் ஏறி இறங்கக் கூடாது. அது சாமானுக்கான கருவி. ஆளுக்கு ஏணியும், இடுப்பு வாரில் கட்டிய தனிக் கயிறும், மேலே அதைப் பிடிக்க ஓர் ஆளும் வேண்டும். வாளி நகரும்போது உள்ளே இருப்பவர் எதிர்ச் சுவரோரம் நிற்க வேண்டும். தலைக்கவசம் தேவை. பொத்தானைப் பிடித்திருப்பவர் பீடி பற்ற வைக்கவோ டீ குடிக்கவோ நகரக் கூடாது.

பல நாள் மூடிக் கிடந்த கிணற்றில் காற்று கெட்டிருக்கும். விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் பிராணவாயு குறைவை மட்டுமே காட்டும். சேற்றைக் கிளறும்போது எழும் நச்சு வாயுவை அது காட்டாது. எரியும் வாயு இருந்தால் விளக்கே தீ வைக்கும். ஊதுகாற்றுக் கருவியின் குழாயை அடிவரை விட்டு அரைமணி நேரம் காற்றடித்த பிறகு இறங்கவும், வேலை முடியும் வரை காற்று ஓடவும் ஏற்பாடு செய்ய வேண்டும். டீசல் என்ஜின் பம்பை உள்ளே இறக்கி ஓட்டவே கூடாது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் பதறிப்போய் இன்னொருவர் இறங்குவதால்தான் ஒரே கிணற்றில் இரண்டு, மூன்று உயிர்கள் போகின்றன. இடுப்புக் கயிற்றை மேலே இழுப்பதும் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்வதும்தான் அப்போது செய்யத்தக்கவை.

வேலை முடிந்ததும் வடத்தைச் சேறு போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, எண்ணெய் தடவிச் சுற்றி வைக்க வேண்டும். துணியால் உருவும்போது ஒரே இடத்தில் பல கம்பி முனைகள் குத்தினால் அந்த வடம் முடிந்துவிட்டது. அதை அப்படியே கொட்டகையில் மாட்டி வைத்தால் அடுத்த கோடையில் யாரேனும் எடுத்து மாட்டிவிடுவார்கள். துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும்.